கூடம் கோணல்

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் பழமொழிகளில் கொஞ்சம் ஈவிரக்கமில்லாத ஒன்று. அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் யாரும் ஒரு தடவையாவது கூடத்தை அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. நிஜமாகவே கோணலாக இருந்திருந்தால்? இந்தச் சந்தேகம் எனக்கு வந்தது, எங்கேயோ இருக்கிற அமெரிக்கன் ஃபுட்பாலால்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பெயரில்தான் ஃபுட், பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பக்கத்துக்குப் பதினோரு பேர். இதில் குவார்ட்டர்பேக் என்பவன்தான் மூளை. பந்து அவன் கைக்கு வந்தால் கிடைப்பது சுமார் மூன்று செகண்ட். அதற்குள் எதிரணி எப்படி நிற்கிறது என்று படித்து, ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆட்களில் யாருக்குக் காவல் இல்லை என்று கண்டுபிடித்து, அவன் போய்ச் சேரப்போகிற இடத்துக்கு முன்கூட்டியே எறிந்துவிட வேண்டும். இல்லையென்றால் பீரோ சைஸ் ஆசாமிகள் மேலே வந்து விழுவார்கள். அவர்களைத் தடுக்க முன்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள். திட்டம் போடுவது கோச். பந்தைப் பிடிப்பது வேறு ஆட்கள். ஆனால் வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் குவார்ட்டர்பேக் பெயரில் எழுதிவிடுகிறார்கள்.

இன்னொரு விசேஷம், டிராஃப்ட். காலேஜ் முடித்த பையன்களை வருஷத்துக்கு ஒரு முறை வரிசையாகத் தேர்ந்தெடுப்பார்கள். போன வருஷம் படுமட்டமாக ஆடிய டீமுக்கு முதல் சான்ஸ். கேட்டால் சமதர்மம் மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது. பையன் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். நாட்டிலேயே நன்றாக ஆடுகிறவனுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பரிசு, நாட்டிலேயே கோணலான கூடம்.

2018 ஏப்ரல் 26. டெக்ஸாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் நடந்த டிராஃப்டின் முதல் சுற்றிலேயே ஐந்து குவார்ட்டர்பேக்குகள். முதலாவதாக பேக்கர் மேஃபீல்ட், கிளீவ்லண்ட் பிரவுன்ஸுக்கு. மூன்றாவது சாம் டார்னல்ட், நியூயார்க் ஜெட்ஸுக்கு. ஏழாவது ஜாஷ் ஆலன், பஃபலோ பில்ஸுக்கு. பத்தாவது ஜாஷ் ரோஸன், அரிசோனா கார்டினல்ஸுக்கு. முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-வது, லமார் ஜாக்ஸன், பால்டிமோர் ரேவன்ஸுக்கு. ஒரே ராத்திரி, ஐந்து வாசல்.

முதலில் ரோஸன். வயது 21. வாயும் கொஞ்சம் நீளம். தனக்கு முன்னால் ஒன்பது தப்புகள் நடந்திருப்பதாக அன்றைக்கே நிருபர்களிடம் சொன்னார். கார்டினல்ஸ் அவரைப் பிடிக்க 15-வது இடத்திலிருந்து பத்துக்கு ஏறினார்கள். சும்மா இல்லை, கூடவே இரண்டு தேர்வுகளைத் தாரை வார்த்து. அவ்வளவு ஆசை.

சீசனில் நடந்தது என்ன? அக்டோபரிலேயே, ஆட்டத் திட்டம் போடுகிற கோச்சை நீக்கினார்கள். வேறொருவர், வேறு பாஷை. ரோஸன் தொடங்கிய ஆட்டங்கள் 13, ஜெயித்தது மூன்று. டச்டவுன் பாஸ் 11, எதிரணி கைக்குப் போன பாஸ் 14. நாற்பத்தைந்து தடவை தரையில் சாய்க்கப்பட்டார். முன்னால் நிற்கவேண்டிய ஐவர் எப்படி நின்றார்கள் என்பது இதிலேயே தெரிகிறது. சீசன் முடிந்ததும் தலைமை கோச்சும் ஒரே வருஷத்தில் வீட்டுக்குப் போனார். புதிதாக கிளிஃப் கிங்ஸ்பரி வந்தார். அவர் முன்பு காலேஜ் கோச்சாக இருந்தபோதே, தனக்கு முதல் தேர்வு கிடைத்தால் கைலர் மரேயைத்தான் எடுப்பேன் என்று சொல்லியிருந்தவர். படுதோல்வியின் புண்ணியத்தில் 2019-ல் கார்டினல்ஸுக்கே முதல் தேர்வு கிடைத்தது.

2019 பிப்ரவரியில் பொது மேலாளர் ஸ்டீவ் கைமிடம், 'ரோஸன்தானே உங்கள் குவார்ட்டர்பேக்?' என்று கேட்டார்கள். இப்போதைக்கு ஆமாம், நிச்சயமாக என்ற மாதிரி பதில் சொன்னார். 'இப்போதைக்கு' என்பதையும் 'நிச்சயமாக' என்பதையும் ஒரே வாக்கியத்தில் உட்கார வைக்க எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும்! வேலையில் இருக்கிற யாருக்கும் அந்த 'இப்போதைக்கு' புரியும். சாப்பாட்டு இலையை எடுப்பதற்கு முன்னால் சொல்லும் உபசார வார்த்தை அது.

ஏப்ரலில் மரே முதல் ஆளாக வந்தார். மறுநாளே ரோஸன் மயாமி டால்ஃபின்ஸுக்கு, 62-வது தேர்வுக்கும் அடுத்த வருஷத்து ஐந்தாம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்கும் பண்டமாற்று ஆனார். அப்போது அவருக்கு 22 வயது. 2022-க்குள் ஏழு டீம் பார்த்துவிட்டார். மொத்தம் தொடங்கிய ஆட்டங்கள் பதினாறு. பத்திரிகைகள் அவருக்குக் கொடுத்த பட்டம் 'பஸ்ட்'. நம்மூரில் 'புஸ்' என்கிறோமே, கிட்டத்தட்ட அது.

இப்போது ஜாஷ் ஆலனின் முதல் வருஷத்தைப் பாருங்கள். டச்டவுன் பாஸ் 10, எதிரணி கைக்குப் போனது 12. எறிந்ததில் சரியாகப் போய்ச் சேர்ந்தது நூற்றுக்கு 52.8. ரோஸனுக்கு 55.2. இரண்டு மார்க் ஷீட்டையும் பெயரை மறைத்துவிட்டு நீட்டினால் யார் பாஸ், யார் ஃபெயில் என்று சொல்வது கஷ்டம். (ஆலன் காலால் ஓடியே எட்டு டச்டவுன் போட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

பஃபலோவில் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. அதாவது, பையனை ஒன்றும் செய்யவில்லை. அதே கோச், அதே திட்டக்காரர். 2019-ல் அவருக்கு முன்னால் நிற்க நல்ல ஆள் பிடித்தார்கள், பந்து பிடிக்க இரண்டு பேரை வாங்கினார்கள். 2020-ல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற உயர்தரமான பந்து பிடிப்பவரைக் கொண்டுவந்தார்கள். 52.8 என்பது 58.8 ஆகி, 2020-ல் 69.2 ஆனது. 2024 சீசனுக்கு லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆலன்தான். கூடத்தை நிமிர்த்தினார்கள், ஆட்டம் வந்தது.

லமார் ஜாக்ஸன் கதை இன்னும் சுவாரஸ்யம். இவன் எறிய லாயக்கில்லை, பந்து பிடிக்கப் போகலாம் என்று பெரிய தலைகளே அபிப்பிராயம் சொன்ன பையன். பால்டிமோரில் அவரை மாற்றப் பார்க்கவில்லை. திட்டத்தை மாற்றினார்கள். அவர் ஓடுகிற மாதிரியே ஒட்டுமொத்த ஆட்டத்தையும் திருத்தி எழுதினார்கள். 2019-ல், 22 வயதில், ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் ஒருமனதாக அவரை மதிப்புமிக்க ஆட்டக்காரர் என்றார்கள். ஐந்து பேரில் கடைசியாக எடுக்கப்பட்டவர் அவர். கடைசிப் பந்தியில்தான் பாயசம் கிடைத்தது.

நியூயார்க்கில் நேர்மாறு. டார்னல்டுக்கு மூன்று வருஷத்தில் இரண்டு தலைமை கோச். 2019 அக்டோபரில் நியூ இங்லண்ட் பேட்ரியட்ஸுடன் ஓர் ஆட்டம். 33-0 தோல்வி, நாலு பாஸ் எதிரணிக்கு. ஓரத்தில் உட்கார்ந்து தனக்குப் பேய்கள் தெரிவதாக அவர் சொன்னது, உடம்பில் மாட்டியிருந்த மைக் வழியாக நாடு முழுக்கக் கேட்டது. ஆள் இல்லாத இடத்தில் ஆள் பாய்வதுபோல் தோன்றுகிறது என்று அர்த்தம். அடி வாங்கி வாங்கிப் பழகியவனுக்கு அப்படித்தான் தோன்றும். அடுத்த ஒரு வருஷத்துக்கு ஊரே அவரை 'பேய்' என்று கிண்டலடித்தது. பேயை வீட்டுக்குள் விட்டவர்களை யாரும் அவ்வளவாகக் கிண்டலடிக்கவில்லை. 2020-ல் ஜெட்ஸ் ஜெயித்தது பதினாறில் இரண்டு. 2021-ல் டார்னல்டைக் கரோலினாவுக்கு அனுப்பிவிட்டு ஸாக் வில்ஸனை எடுத்தார்கள். மூன்று வருஷம் கழித்து அவரும் டென்வருக்குப் போனார். ஆடுகிறவள் மாறிக்கொண்டே இருக்கிறாள், கூடம் மட்டும் அதேதான்.

மேஃபீல்ட் போன கிளீவ்லண்ட் டீம் அதற்கு முந்தைய வருஷம் பதினாறு ஆட்டத்தில் பதினாறையும் தோற்றது. அதை 2020 சீசனில் பிளே ஆஃப் வரை கொண்டுபோய், அங்கேயும் ஓர் ஆட்டம் ஜெயித்துக் காட்டினார். 2022-ல் கிளீவ்லண்ட் வேறொருவரை 230 மில்லியன் டாலர் உத்தரவாதத்துடன் அழைத்துவந்து இவருக்குக் கல்தா கொடுத்தது. அவரும் கரோலினாவில் போய் விழுந்தார். அங்கே ஏற்கெனவே டார்னல்ட்! ஒரே ராத்திரியில் மாலை போட்டு வரவேற்கப்பட்ட இரண்டு பேர், நாலு வருஷத்தில் ஒரே திண்ணையில்.

ஏன் இத்தனை அவசரம்? விஷயம் பணத்தில் இருக்கிறது. 2010-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருஷத்துக்கு 78 மில்லியன் டாலர் ஒப்பந்தம். மறு வருஷம் புதுச் சட்டம் வந்து, முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு நாலு வருஷத்துக்கு 22 மில்லியன்தான். ஆக, இளம் குவார்ட்டர்பேக் என்பவன் இப்போது மலிவுச் சரக்கு. அவன் மலிவாக இருக்கும் நாலைந்து வருஷத்துக்குள் மிச்சப் பணத்தில் டீம் கட்டி ஜெயித்துவிட வேண்டும். மூன்றாவது சீசன் முடிந்தால் ஐந்தாவது வருஷம் வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்று முடிவு சொல்லியாக வேண்டும். மேலாளருக்கும் கோச்சுக்கும் அவரவர் நாற்காலி பயம். பையனைத் தப்பாக எடுத்துவிட்டோம் என்று சொல்வது, பையனைத் தப்பாக வளர்த்துவிட்டோம் என்று சொல்வதைவிட சௌகரியம்.

பொறுமைக்கும் உதாரணம் இல்லாமல் இல்லை. 2005-ல் எடுக்கப்பட்ட ஏரன் ராட்ஜர்ஸ் மூன்று வருஷம் கிரீன் பேயில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். பேட்ரிக் மஹோம்ஸ் கன்ஸாஸ் சிட்டியில் முதல் வருஷம் ஒரே ஒரு ஆட்டம்தான் தொடங்கினார். இருவரும் பிற்பாடு என்ன செய்தார்கள் என்பதை ஃபுட்பால் பார்க்காதவர்கள்கூடக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

எல்லாவற்றையும் கூடத்தின் மேல் போட்டுவிட முடியுமா? முடியாது. ரோஸன் மயாமியில் மூன்று ஆட்டம் தொடங்கி மூன்றிலும் தோற்றார். அப்புறம் போன இடங்களிலும் யாரும் அவரைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. அவர் இடத்துக்கு வந்த மரே முதல் வருஷத்திலேயே சிறந்த புதுமுகம் என்று பரிசு வாங்கினார். அரிசோனா செய்தது சரி என்று வாதாட இதெல்லாம் தாராளமாகப் போதும். ரோஸனுக்கு ஆடத் தெரியாமலே கூட இருந்திருக்கலாம்.

என் புகார் அதுவல்ல. பதிமூன்று ஆட்டம், இரண்டு திட்டக்காரர்கள், நாற்பத்தைந்து விழுதல். இதை வைத்து ஒருவனுக்கு ஆடத் தெரியுமா, தெரியாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். விசாரணை நடக்கவில்லை. அவனை எடுத்த மேலாளர் கைம் அடுத்த வருஷமும் இருந்தார், அதற்கடுத்த வருஷமும் இருந்தார், 2023 ஜனவரி வரை இருந்தார். தேர்ந்தெடுத்தவருக்கு ஐந்து வருஷ அவகாசம், தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கு ஒன்று. விளையாட்டு விமர்சனம் எழுதுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. அதை விட்டுவிட்டு 'பஸ்ட்' என்று நாலெழுத்தில் முடித்துக்கொண்டார்கள். ஸ்கோர் எழுதுவது சுலபம், கூடத்தை அளக்க டேப் வேண்டும்.

மினசோட்டா வைகிங்ஸ் கோச் கெவின் ஓ'கானல் 2024-ல் ஒரு விஷயம் சொன்னார். இளம் குவார்ட்டர்பேக் டீமைக் கைவிடுவதற்கு முன்னால் டீம்தான் அவனைக் கைவிடுகிறது என்ற பொருளில். சொன்னது யாரைப் பற்றி? அந்த வருஷம் அவரிடம் வந்து சேர்ந்திருந்த டார்னல்டைப் பற்றி. அந்த சீசனில் டார்னல்ட் 35 டச்டவுன் பாஸ் எறிந்தார், டீம் பதினேழில் பதினாலு ஜெயித்தது. அப்படியும் வைகிங்ஸ் அவரை வைத்துக்கொள்ளவில்லை. இன்னொரு இளைஞனை ஏற்கெனவே டிராஃப்டில் எடுத்து வைத்திருந்தார்கள். பழமொழி சொல்வது எல்லோருக்கும் சுலபம்.

டார்னல்ட் 2025-ல் சியாட்டில் சீஹாக்ஸுக்குப் போனார். அவருக்கு அது ஐந்தாவது டீம். 2026 பிப்ரவரி 8-ம் தேதி கலிஃபோர்னியாவில் சான்டா கிளாராவில் சூப்பர் போல் இறுதி ஆட்டம். சியாட்டில் 29, எதிரணி 13. எதிரணி யார் என்கிறீர்கள்? அதே நியூ இங்லண்ட் பேட்ரியட்ஸ். பேய் காட்டிய அதே டீம்.

டார்னல்டுக்கு ஐந்தாவது கூடம் நேராக அமைந்தது. ரோஸனுக்கு ஏழிலும் அமையவில்லை. இருவரில் யார் நிஜமாகவே நன்றாக ஆடுகிறவர் என்று 2019-ல் என்னைக் கேட்டிருந்தால், சத்தியமாகச் சொல்லத் தெரிந்திருக்காது. உங்களுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அன்றைக்கு இரண்டு பேரையும் பார்த்து ஒரே மாதிரிதான் சிரித்தார்கள்.