தோளில் ஆடும் பாவை

இலங்கையில் பாவைக்கூத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் தெற்கே கையைக் காட்டுவார்கள். அம்பலாங்கொடை, பலப்பிட்டி முதலான கரையோர ஊர்களில் நூல் கட்டி ஆட்டும் ‘ரூகட’ மரபு இன்றும் சில குடும்பங்களின் கையில் இருக்கிறது. 2018இல் யுனெஸ்கோ அதை உலகின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பாக்கு நீரிணைக்கு அப்பால் கும்பகோணத்துப் பொம்மலாட்டமும் கன்னியாகுமரிப் பக்கத்துத் தோற்பாவைக் கூத்தும் உண்டு. யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு குடும்பத்தையோ சபாவையோ சுட்டிச் சொல்வது கடினம். ஆகவே இங்கே கூத்து உண்டு, இசை நாடகம் உண்டு, பாவை மட்டும் இல்லை என்று முடித்துவிடுகிறோம்.

எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. ஐப்பசி வளர்பிறைச் சட்டியன்று பின்னேரம் குடாநாட்டின் முருகன் கோயில் வெளிவீதிகளில் ஆளைவிடப் பெரிய மரப்பாவை ஒன்று ஓடுகிறது, பின்வாங்குகிறது, ஒரு பக்கம் சரிந்து மறுபக்கம் எழும்புகிறது, தலை மாற்றிக்கொண்டு திரும்ப வருகிறது. அதை ஆட்டுகிறவர்கள் அதன் கீழேயே நிற்கிறார்கள். முருகன் அசுரனான சூரனை வெல்லும் இந்தச் சூரன் போர் கந்தசட்டி விரதத்தின் நிறைவு, வழிபாடு, திருவிழா. அத்தோடு அது குடாநாட்டின் பாவைக்கலையும்தான். கலை என்று ஒப்புக்கொண்டால் அதன் ஆற்றலையும் குறையையும் கலைக்குரிய அளவுகோலால் பார்க்கிற பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது.

முதலில் ஆட்டும் முறை. தமிழ்நாட்டுப் பொம்மலாட்டக் கலைஞர் இரும்பு வளையம் ஒன்றை முடிபோலத் தலையில் அணிந்துகொள்கிறார். பாவையின் நூல்கள் அந்த வளையத்திலிருந்து தொங்குகின்றன. பாவையின் கைகளைக் கம்பிகளால் இயக்குகிறார். பாவை 4.5 அடி உயரமும் 10 கிலோ எடையும் வரை இருக்கும். அவர் ஆடினால் அது ஆடும். சூரனுக்கு நூலும் கிடையாது, கம்பியும் கிடையாது. பெரும்பாலான சூரன்களின் கண் இமைக்காது, வாய் திறக்காது, முழங்கை மடியாது. தண்டுகளில் ஏற்றி, இரண்டு பக்கமும் ஆட்கள் தோள் கொடுத்துக் காவுகிறார்கள். முன்பக்கத்தார் முழங்காலை மடித்துப் பின்பக்கத்தார் நிமிர்ந்தால் சூரன் சீறிப் பாய்கிறான். இடப்பக்கம் தாழ்ந்து வலப்பக்கம் எழுந்தால் திமிருடன் தோளைக் குலுக்குகிறான். எல்லோரும் ஒருமிக்கப் பின்னால் ஓடினால் அஞ்சிப் பின்வாங்குகிறான். முகம் மாறுவதே இல்லை. ஆனாலும் அந்த உருட்டிய விழிகளில் கோபமும் இறுமாப்பும் திகைப்பும் மாறிமாறித் தெரிவதாகப் பார்க்கிறவர்கள் உணர்கிறார்கள். சரிவையும் வேகத்தையும் மட்டும் கொண்டு உணர்ச்சியைத் தோற்றுவிப்பது பாவைக்கலையின் அடிப்படை வித்தை. ஒருவர் இரு கைகளால் செய்வதை இங்கே ஓர் ஊரின் இளைஞர்கள் நாற்பது கால்களால் செய்கிறார்கள்.

எதிரே முருகன் வருகிறார். சிறிய திருவுருவம், பூவுக்குள் பாதி மறைந்தது. அவரைக் காவுகிறவர்கள் ஓடுவதில்லை, குலுக்குவதில்லை. ஓர் உருவம் நிலைகொள்ளாமல் தவிக்க, மற்றது நின்று நிதானித்து நெருங்குகிறது. இந்த இரண்டு நடைகளின் முரணில்தான் போரின் முடிவு முதலிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. இதை யாரும் எழுதிவைத்துப் பயிற்றவில்லை, தலைமுறை தலைமுறையாகத் தோள் மாற்றித் தோள் கற்றது. ஜப்பானின் பன்ராக்கு அரங்கில் ஒரு பாவையை மூவர், பார்வையாளர் கண்முன் நின்றே ஆட்டுகிறார்கள். காலை ஆட்டப் பல ஆண்டு, இடக்கையை ஆட்டப் பல ஆண்டு என்று பயின்ற பிறகே தலையைத் தொட முடியும். ஆட்டுகிறவரை மறைக்காமலே பாவைக்கு உயிர் கொடுக்கலாம் என்பதற்கு உலகம் எடுத்துக்காட்டும் சான்று அது. நம் வெளிவீதியிலும் அதே துணிவு இருக்கிறது. அதைத் துணிவு என்று நாம் கண்டுகொள்ளவில்லை.

இக்கலையின் இன்னொரு பெரிய பலம் அதன் பொருளாதாரம். நுழைவுச்சீட்டை நம்பிய பாவைக்கூத்துகள் பல இடங்களில் நொடித்துப்போய்விட்டன. கன்னியாகுமரித் தோற்பாவைக் கூத்தை நெடுங்காலம் ஆராய்ந்த அ.கா. பெருமாளின் எழுத்துகளைப் படிப்பவர்கள், சினிமாவும் தொலைக்காட்சியும் வந்தபின் அக்கலைஞர்கள் பட்ட வறுமையை மறக்க முடியாது. சூரனுக்கு அந்தக் கவலை இல்லை. உபயகாரர் செலவை ஏற்கிறார், ஊர் தோள் கொடுக்கிறது, மறுநாள் திருக்கல்யாணம், பிறகு சூரன் வாகனசாலைக்குள் போய்விடுகிறான். யுத்தத்தைத் தாண்டி இது பிழைத்ததற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் எழும்பிப் போனார்கள். அங்குள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் இராணுவ உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்ததும் கந்தசட்டியை ஒட்டிய நாட்களில்தான். ஆடத் தெரிந்த ஒரு குடும்பத்தை மட்டும் நம்பிய கலையாக இருந்திருந்தால் அந்த ஆண்டுகளோடு அது போயிருக்கும். ஊர் முழுவதும் ஆட்டக்காரராக இருந்ததால், ஊர் எங்கே போனதோ அங்கே சூரனும் போனான். இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் நவம்பர்க் குளிரில் கோயில் வாகனத் தரிப்பிடங்களிலும் சூரன் ஆடுகிறான்.

ஊர் முழுவதும் என்று எழுதும்போதே அந்தச் சொல் உண்மையா என்று கேட்க வேண்டியிருக்கிறது. தண்டைத் தொட யாருக்கு உரிமை? சாதியின் பேரால் பொது இடங்களில் தடை போடுவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே வந்திருந்தும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே போக உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. அதெல்லாம் பழங்கதை என்று சொல்பவர்களுக்கு அண்மைய சான்றும் உண்டு. 2018இல் தென்மராட்சியில் ஒரு கோயிலின் தேரை மண் அள்ளும் இயந்திரத்தால் இழுத்த காட்சி செய்திகளில் வந்தது. எல்லாச் சாதியாரும் வடம் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டும் கூடவே எழுந்தது. தேருக்காவது இயந்திரம் பூட்டலாம். மனிதத் தோள் இல்லாமல் சூரன் வெறும் மரம். அந்தத் தோளை இன்னாருடையது என்று வரையறுக்கிற கோயில் தன் சூரனைத் தானே முடமாக்குகிறது. பெண்களின் நிலையும் இதனோடு சேர்த்துப் பேசப்பட வேண்டியதுதான். சில கோயில்களில் பெண்கள் தேர்வடம் பிடிக்கிறார்கள். சூரன் தண்டு மட்டும் இன்னும் ஆண்களின் வீரவிளையாட்டாகவே இருக்கிறது. ஆறு நாளும் விரதம் இருப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்தக் கோயில் மண்டபத்திலும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஆட்டத்தின் தரத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒரு பின்னேரம் ஆடும் கலைக்கு ஒத்திகை கிடையாது. நல்ல ஆட்டக்காரர்கள் தோள் கொடுத்த காலத்தில் அது ஆட்டம். அவர்கள் ஒதுங்கிய பிறகு வெறும் குலுக்கல். அண்மைக்காலத்தில் குலுக்கல் கூடியிருக்கிறது. கைத்தொலைபேசியில் பதிவாகும் ஒரு நிமிடத் துண்டுக்கு வேகம் போதும், நிதானம் அங்கே எடுபடாது. எந்த ஊர்ச் சூரன் கூடுதலாக ஆடினான் என்ற போட்டி மூண்டபின் பின்வாங்கலும் தயக்கமும் உதிர்ந்துபோகின்றன. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பாய்ச்சலாகப் போனால் எது கோபம், எது அச்சம் என்று பார்ப்பவர் பிரித்தறிய வழியில்லை. பறையும் தவிலும் அடிப்பவர்கள் ஆட்டத்தைப் பார்த்துக் காலத்தை ஏற்றி இறக்கிய இடத்தில், இப்போது ஒலிபெருக்கி ஒரே மட்டத்தில் அலறுகிறது.

தலை மாற்றுவது இக்கலையின் உச்சம். யானைமுகம் விழுகிறது, சிங்கமுகம் வருகிறது, அதுவும் விழ, சூரனின் சொந்த முகம், பிறகு மாமரம், அதன்பின் சேவலும் மயிலும். ஓர் உடம்பு, பல முகங்கள். மாயையைக் காட்ட இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. வட இந்தியாவில் தசராவுக்கு இராவணன் உருவத்தைக் கொளுத்துகிறார்கள். சூரனைக் கொளுத்துவதில்லை. அவன் மாறுகிறான், மாறி முருகனின் கொடியாகவும் வாகனமாகவும் ஆகிறான். பகைவனை அழிக்காமல் ஆட்கொள்கிற கதையை, தலையைக் கழற்றிப் பூட்டும் ஒரு தச்சு நுட்பம் சொல்லி முடிக்கிறது. இந்த இடத்தில் எனக்கு இக்கலை மீது அளவில்லாத மதிப்பு உண்டு.

ஆனால் அதே சிக்கனம்தான் கதையை விழுங்கியும் விடுகிறது. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் யானைமுகத் தாரகனும் சிங்கமுகனும் சூரபன்மனும் மூன்று சகோதரர்கள். தாரகன் கிரவுஞ்ச மலையோடு முதலிலேயே மாள்கிறான். சிங்கமுகன், தேவர்களைச் சிறைவிடு என்று அண்ணனுக்கு அறிவுரை சொன்னவன். அது எடுபடாது என்று தெரிந்தும் உடன்பிறப்புக்காகப் போருக்குப் போனவன். தம்பியையும் மகன் பானுகோபனையும் பறிகொடுத்து அழுகிற சூரனும் அதே காவியத்தில் இருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, முருகன் தன் பெருவடிவத்தைக் காட்டும்போது சூரனின் செருக்குக் கரைகிறது. தலை வணங்கத் தோன்றுகிறது. அந்த வடிவம் மறைந்ததும் பழைய கோபம் மூண்டெழுகிறது. தமிழ்க் காவியங்களில் ஓர் எதிரியின் மனத்தை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்த இடங்கள் குறைவு. வெளிவீதியில் நிற்கும் பிள்ளைக்கு இதில் ஒன்றும் தெரியாது. மூன்று சகோதரர்கள் ஒரே அசுரனின் மூன்று தலைகளாகிவிட்டார்கள். சிங்கமுகனுக்கு ஒரு மனம் இருந்தது என்பதே மறைந்துபோய்விட்டது.

கந்தபுராணம் தெரியாத ஊராக இருந்தால் இதைக் குறையென்று சொல்ல மாட்டேன். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை இந்தச் சமூகத்தின் பண்பாட்டையே கந்தபுராணக் கலாசாரம் என்று எழுதினார். ஒருவர் செய்யுளைப் பண்ணோடு படிக்க மற்றவர் பயன் சொல்லும் புராணபடனம் யாழ்ப்பாணத்துக் கோயில்களின் சொத்து. பாட்டும் பொருளும் மண்டபத்துக்குள் இருக்கின்றன. பாவை வெளியே ஓடுகிறது. நடுவில் ஒரு மதில்.

தெற்கோடு ஒப்பிட்டால் இந்தப் பிரிவு இன்னும் உறைக்கிறது. ரூகடவின் கதையும் பாட்டும் பெரும்பகுதி ‘நாடகம’ என்ற சிங்கள அரங்கிலிருந்து வந்தவை. அந்த நாடகமவோ தமிழ்க் கூத்திலிருந்து, கத்தோலிக்க நாடகங்களின் வழியாகத் தெற்கே போனது. அந்த நாடகம மரபைக் கையிலெடுத்துத்தான் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர 1956இல் ‘மனமே’யை மேடையேற்றினார். அது தந்த ஊக்கத்தோடு தமிழறிஞர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைப் புதுக்கி, 1962இல் ‘கர்ணன் போர்’ போட்டார். நம்மிடமிருந்து போன பாட்டு அங்கே பாவைகளின் வாயில் ஒலிக்கிறது. இங்கே பாவை வாயில்லாமல் நிற்கிறது. கூத்தை மீட்டெடுத்த அதே தலைமுறையின் கண் ஏன் சூரன் மீது விழவில்லை என்று யோசித்திருக்கிறேன். கூத்தைக் கலையாகப் பார்க்கப் பழகிய கண்ணுக்கும் சூரன் வெறும் சடங்காகவே பட்டிருக்க வேண்டும்.

ஊர்க் கோயில்களின் பழைய சூரன் தலைகளுக்கும் இதே கதிதான். அவற்றைச் செதுக்கிய ஆசாரிமாரின் கை ஊருக்கு ஊர் வேறுபடும். ஓரிடத்துச் சூரன் மீசையை முறுக்குவான், ஓரிடத்தான் பல்லைக் கடிப்பான். திருப்பணியோடு திருப்பணியாகப் புது எனாமல் பூசும்போது அந்த வேறுபாடுகள் மூடுண்டு எல்லாம் ஒரே பளபளப்பாகின்றன. ஒரு தலையைத் தீட்டும் முன் அதைப் படமெடுத்து, செய்தவர் பெயரைக் கேட்டு எழுதிவைக்கப் பல்கலைக்கழகமும் வேண்டாம், யுனெஸ்கோவும் வேண்டாம். கோயில் நிர்வாகத்துக்கு ஒரு பின்னேரம் போதும்.

பாட்டையும் பாவையையும் சேர்ப்பதற்கும் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஆறு நாளும் புராணம் படித்தவரும் பயன் சொன்னவரும் சட்டியன்று கோயிலில்தான் இருக்கிறார்கள். ஒலிவாங்கியும் இருக்கிறது. தலை மாற்றும் மூன்று இடங்களில் சூரனை இறக்கி வைத்து, தவிலை நிறுத்தி, இரண்டு மூன்று செய்யுளை அவர்கள் வெளிவீதியிலேயே படிக்கலாம். சிங்கமுகம் பூட்டியதும் அவன் அண்ணனுக்குச் சொன்ன அறிவுரை. சூரனின் சொந்த முகம் பூட்டியதும் பெருவடிவம் கண்ட பகுதி. அந்த ஐந்து நிமிடம் காவுகிறவர்களுக்கு மூச்சு வாங்கவும் உதவும். அறிவுரையைக் கேட்ட தோள்கள் சிங்கமுகனைத் தூக்கும்போது வேறுவிதமாகத்தான் தூக்கும். முதல் வருடம் சனம் பொறுமையிழக்கும், இளைஞர்கள் முணுமுணுப்பார்கள். மூன்றாவது வருடம் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள்.