லால்பாக் பாறை

பெங்களூர் லால்பாக்கிற்குச் செல்லும் ஜனங்களிற் பெரும்பாலோர், 1889-இல் அஸ்திவாரமிடப்பட்ட கண்ணாடி மாளிகையையும் அதனுள் நிகழும் மலர்க் கண்காட்சியையும் கண்டு திருப்தியுற்றுத் திரும்பிவிடுகிறார்கள். ஹைதர் அலி 1760-இல் அத்தோட்டத்தை ஆரம்பிப்பதற்குச் சுமார் 300 கோடி வருஷங்களுக்கு முன்னரே உருவாகி, இன்று உச்சியில் கெம்பே கௌடரின் சிறு கோபுரத்தைத் தாங்கிக் கிடக்கும் தீபகற்ப நைஸ் பாறையோ, அவர்களுக்குக் கடலை கொறிக்கும் திண்ணைதான். தேசிய நிலவியல் சின்னமென்று கௌரவம் பெற்ற இதன் சௌந்தரியம் தூரத்தில் நிற்பவருக்குப் புலப்படாது. குனிந்து நோக்கினாலோ, வெண்மையும் கருமையுமாய் மாறிமாறி நெளியும் வரிகள், மகா உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் கல்லே குழைந்த சரித்திரத்தைக் காட்டும். இவ்வினத்தில் இன்னும் மூத்தவற்றைக் காண விழைவோர் கிரீன்லாந்தின் மேற்குக் கரைக்குக் கப்பலேறலாம். எனக்கு, வெயில் தணிந்த சாயங்காலத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு இதில் ஏறுவதே உசிதமாகப் படுகிறது.