பூந்தமல்லி வேனும் யாழ்ப்பாணத்துக் கதிரையும்

"தலைவர் போரூர் தாண்டிவிட்டார்" என்று மைக்கில் சொல்வார்கள். அரை மணி நேரம் கழித்து வேறொருவர் வந்து அதையே சொல்வார். பூந்தமல்லியில் தேர்தல் கூட்டத்துக்குப் போய்ப் பழகியவர்கள் யாரும் இந்த அறிவிப்பை நம்புவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கூட்டம் எக்கிப் பார்க்கும். சரவெடிப் புகை கண்ணைக் கரிக்கும். தப்பு ஒரு பக்கம், கட்சிப் பாட்டு ஒரு பக்கம். கடைசியில் வேன் வரும். தலைவர் பத்து நிமிடம் பேசுவார், வேட்பாளரின் கையைத் தூக்கிப் பிடித்துச் சின்னத்தைச் சொல்வார், வண்டி ஆவடிப் பக்கம் திரும்பிவிடும். பேசியது என்ன என்று மறுநாள் கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. வந்தது பேச்சுக்காக அல்ல. அந்தக் காத்திருப்பில் ஏறும் சூடுதான் விஷயம்.

இந்த ஊருக்கு அது தாராளமாகவே கிடைத்திருக்கிறது. 2016இல் ஒரு சட்டமன்றத் தேர்தல். அதில் வென்றவர் 2017 செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 சட்டமன்ற உறுப்பினர்களில் ஒருவரானதால் 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல், நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்ந்து. 2021இல் மறுபடியும். இதற்கிடையில் மெட்ரோத் தூண்கள் முளைத்து, குமணன்சாவடியிலும் கரையான்சாவடியிலும் கூட்டம் நிற்கிற இடமே சுருங்கிப்போனது.

யாழ்ப்பாணத்துத் தேர்தல் கூட்டம் வேறு மாதிரி. வாசிகசாலை முன்றலோ சனசமூக நிலைய வளவோ போதும். பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாகப் போட்டிருக்கும். ஆட்கள் உட்கார்ந்து கேட்பார்கள். முன்வரிசையில் வயதானவர்கள், இளைஞர்கள் மதிலோரமாக, சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ சாய்ந்தபடி. பேச்சும் நீளும், சிலசமயம் தாங்க முடியாத அளவுக்கு.

இதற்குச் சட்டமும் ஒரு காரணம். இலங்கையின் 1981ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் சட்டப்படி வேட்புமனு நாளிலிருந்து முடிவு வெளியான மறுநாள் வரை ஊர்வலம் கூடாது. மே தினத்துக்கும் சமய நிகழ்வுகளுக்கும் விலக்கு உண்டு. சுவரொட்டிக்கும் கட்டுப்பாடு. மீறுகிறவர்கள் உண்டு, அது வேறு கதை. ஆனால் நம் ஊரில் ரோடு ஷோ என்று தெருவையே எடுத்துக்கொள்கிற பழக்கம் அங்கே அந்த அளவுக்கு வளரவில்லை. ஊர்வலத்துக்கான ஆசையை மே தினத்துக்கு என்று சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். கட்சிகள் தங்கள் பலத்தைக் காட்டும் நாள் அங்கே அதுதான்.

இன்னொரு காரணம் வாக்குச்சீட்டு. பூந்தமல்லியில் ஒரு கட்சிக்கு ஒரே வேட்பாளர், ஒரே சின்னம். மேடையில் இருக்கிற அத்தனை பேரும் அந்த ஒருவருக்காகத்தான் பேசியாக வேண்டும், உள்ளுக்குள் என்ன புகைச்சல் இருந்தாலும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2024இல் ஆறு இடங்கள். ஒரு பட்டியலில் ஒன்பது வேட்பாளர்கள். கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டுவிட்டு, அந்த ஒன்பது பேரில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்கு அளிக்கலாம். ஆகவே ஒரே மேடையில், ஒரே சின்னத்தின் கீழ் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களே ஒருவருக்கொருவர் போட்டி. சின்னத்தைச் சொன்னதும் தன் விருப்பு வாக்கு இலக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்த இலக்கத்துக்குக் கைதட்டல் கூடுதல் என்பதைக் கூட்டமே கணக்கெடுக்கும். நம்மூர் மேடையில் எதிரி எப்போதும் எங்கோ தூரத்தில் இருப்பார். அங்கே அடுத்த கதிரையிலும் இருக்கலாம்.

மேடைப்பேச்சு என்றாலே நம்மவர்களுக்கு அண்ணா, கருணாநிதி, திராவிட இயக்கம். தமிழ் மேடைப்பேச்சை ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் பெர்னார்ட் பேட் அதன் வேரைத் தேடி யாழ்ப்பாணத்துக்குப் போனார். பாதிரிமாரின் பிரசங்கத்தை அவர்கள் பாணியிலேயே எதிர்கொள்ள, ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் பேசத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்ற அந்த வழக்கம் பிறகு இந்தப் பக்கம் சுதேசிக் காலத்தில் கடற்கரைக் கூட்டமாகியது. பிரசங்கத்தைக் கேட்கிற அந்த அமைதி யாழ்ப்பாணத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். கடன் திரும்பியும் போயிருக்கிறது: 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்ற சின்னம், திமுகவின் சின்னமான அதே உதயசூரியன்.

ஆனால் அமைதி மட்டுமே அந்த ஊரின் குணம் என்று நினைத்துவிடக் கூடாது. 1970களில் கூட்டணியின் மேடைகளில் இளைஞர்கள் விரலைக் கீறித் தலைவர்களின் நெற்றியில் இரத்தப் பொட்டு வைத்தார்கள். நம்முடைய ஆரத்தித் தட்டு அதன் பக்கத்தில் வெறும் சடங்கு. 1981 மே 31 அன்று, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு நான்கு நாள் முன்னால், நாச்சிமார் கோயிலடியில் கூட்டணியின் கூட்டம் நடந்தது. காவலுக்கு நின்ற போலீசார் சுடப்பட்டார்கள், இருவர் இறந்தார்கள். அன்றிரவு தொடங்கிய பழிவாங்கலில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. தேர்தல் கூட்டத்துக்குப் போவது என்றால் அந்த ஊரில் இந்த நினைவும் கூடவே வரும். பிறகு பல ஆண்டுகள், கூட்டத்துக்குப் போவதும் போகாமல் இருப்பதும் உயிர் சம்பந்தப்பட்ட முடிவாகவே இருந்தது.

இலங்கையின் தெற்கிலும் நிம்மதி இல்லை. 1993இல் மே தின ஊர்வலத்தில் ஜனாதிபதி பிரேமதாச, 1994இல் தொட்டலங்கக் கூட்டத்தில் ஜனாதிபதி வேட்பாளர் காமினி திசாநாயக்க கொல்லப்பட்டார்கள். 1999இல் கொழும்பு நகர மண்டபத்தருகே நடந்த கடைசித் தேர்தல் கூட்டத்தில் ஜனாதிபதி சந்திரிகாவுக்கு ஒரு கண் போனது.

இந்தக் கதையில் பூந்தமல்லிக்கும் இடமுண்டு. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி மீனம்பாக்கத்தில் இறங்கி, இந்தச் சாலை வழியாகத்தான் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனார். அங்கே அவரைக் கொன்றவர்கள் அதற்கு இரண்டு வாரம் முன்பே சென்னையில் வி.பி. சிங் கூட்டத்தில் ஒத்திகை பார்த்திருந்தார்கள். வழக்கு நடந்தது பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில். 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை என்று தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை நான்கு பேருக்கு மட்டும் உறுதி செய்தது. அந்த இரவில் கிட்டே போக உதவியது சந்தன மாலை. தலைவருக்குக் கிட்டே போய் மாலை போடுவதுதான் கூட்டத்துக்குப் போகிறவனின் உச்ச ஆசை என்பதைக் கொலைகாரர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். அதன்பிறகு மேடை உயர்ந்தது, தடுப்புக் கட்டைகள் வந்தன, தலைவர் வேனின் மேலேறி நின்றார். கிட்டே போக முடியாது என்றானதும் ஆசை குறைந்ததா என்றால் இல்லை, நெருக்கித் தள்ளுகிற வேகம்தான் கூடியது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் விஜய்யைப் பார்க்கக் காத்திருந்த கூட்டத்தில் 41 பேர் செத்தார்கள். அங்கேயும் மணிக்கணக்கான காத்திருப்புதான்.

யாழ்ப்பாணத்தில் அப்படித் தள்ளுமுள்ளு நடக்காது என்பார்கள். நடந்திருக்கிறது: 2024 பிப்ரவரியில் முற்றவெளியில், ஹரிஹரன் இசை நிகழ்ச்சிக்கு. தமன்னாவும் வந்திருந்தார். தடுப்புகளை உடைத்துக்கொண்டு ஆட்கள் பாய்ந்தார்கள். அந்த ஆவேசம் அங்கே அரசியல்வாதிக்குக் கிடைப்பதில்லை. சினிமாவும் அரசியலும் நம்மைப் போல் அங்கே ஒரே வேனில் ஏறவில்லை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரியாணிப் பொட்டலமும் தலைக்கு இவ்வளவு என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கதிரைக்கும் டீக்கும் பிரியாணிக்கும் விலைப்பட்டியல் போட்டு வேட்பாளர் கணக்கில் சேர்க்கிற நாடு நம்முடையது. சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம், கட்சிக்கு வரம்பே கிடையாது. இலங்கையில் தேர்தல் செலவுக்கென்று தனிச் சட்டம் 2023இல்தான் வந்தது. ஆனால் காசுக்காக மட்டும் வருகிறார்கள் என்பதை நான் ஒப்பமாட்டேன். வாங்கிய காசுக்கு உட்கார்ந்திருந்தால் போதுமே, எதற்குத் தொண்டை கட்டும்வரை கத்த வேண்டும்?

உண்மையான வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. பூந்தமல்லியில் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாடகை வீட்டுக்காரர்கள், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஷிப்டுக்குப் போகிறவர்கள். பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாது. அந்த மறைவில்தான் தைரியமாக விசிலடிக்கிறார்கள். யாழ்ப்பாணக் கிராமத்தில் எந்தக் கட்சிக் கூட்டத்தில் யார் எத்தனையாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்பது அடுத்த நாள் காலை ஊருக்கே தெரியும். சிவில் உடையில் நிற்பவர்களும் பார்ப்பார்கள். கதிரையில் உட்கார்வதே அங்கே ஒரு அறிவிப்பு. ஒருவேளை அதனால்தான் 2024 நவம்பர் முடிவு அத்தனை பேரைத் திகைக்க வைத்தது: யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றைத் தெற்கின் கட்சியான தேசிய மக்கள் சக்தி எடுத்துக்கொண்டது. எந்தக் கதிரையிலும் உட்காராதவர்களின் ஓட்டு அதில் நிறைய இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இங்கே நேர்மாறு. கூட்டத்தைப் பார்த்து ஓட்டை எண்ணியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். 2016இல் விஜயகாந்த் உளுந்தூர்ப்பேட்டையில் வைப்புத்தொகையையே இழந்தார். பூந்தமல்லியில் ஒரே வாரத்தில் மூன்று கட்சி வேனுக்கும் கை காட்டிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். யாருக்கு ஓட்டு என்று கேட்டால், அது தனி என்று சொல்லிவிட்டு, அடுத்து யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பார்கள்.