ராஸ் பிரித்த பில்

ஃப்ரெண்ட்ஸ் தொடரில் பணத்தை நேராகத் தொட்ட எபிசோடு 1995-இல், இரண்டாவது சீசனில் வந்தது. மோனிகாவுக்குப் பதவி உயர்வு, ரெஸ்டாரன்டில் விருந்து. கையில் காசில்லாத ரேச்சல் ஒரு சின்ன சாலட்டோடு நிறுத்திக்கொள்கிறாள். ராஸோ பில்லைச் சமமாக வகுத்து ஆளுக்கு இவ்வளவு என்கிறான். அந்தச் சங்கடத்தை அச்சு அசலாகப் பிடித்திருக்கிறார்கள். (ஹைக் லெட்டர் வரும் நாளில் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இதே முகங்கள்தான்.) ஆனால் முடிவில் மோனிகாவுக்கே வேலை போய்விடுகிறது, கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. இது நழுவல்தான்.

வேடிக்கை என்னவென்றால், அதே சீசனில் நடிகர்களின் சம்பளமும் ஒன்றாக இல்லை. எபிசோடுக்கு சுமார் 20,000 டாலரிலிருந்து 40,000 வரை. அதிகம் வாங்கியவர்கள் ராஸாக நடித்த டேவிட் ஷ்விம்மரும், ஆமாம், அந்த சாலட் ரேச்சலாக நடித்த ஜெனிஃபர் அனிஸ்டனும்! மூன்றாவது சீசனுக்கு ஆறு பேரும் சேர்ந்தே பேரம் பேசினார்கள். குறைவாக வாங்கியவரின் சம்பளமே எல்லோருக்கும் என்றானது. இந்த இருவருக்கும் குறைந்தது. கடைசி இரண்டு சீசன்களில் ஆளுக்கு, எபிசோடுக்கு 10 லட்சம் டாலர்.

இதில் பாதி துணிச்சலாவது அந்த எபிசோடின் ராஸுக்குக் கொடுத்திருக்கலாம். அவன் மற்றவர்களுக்கு கான்சர்ட் டிக்கெட் வாங்கித் தருவதோடு சரி.