கடமையும் அதிகாரமும்: இந்திய அரசியலமைப்பின் 355, 356ஆம் உறுப்புரைகள்

சமஷ்டி ஆட்சி பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதிகாரப் பட்டியல்களையே ஆராய்வர். எத்துறை மத்திய அரசுக்குரியது, எது மாநிலத்துக்குரியது என்னும் பங்கீடு தெளிவாயிருப்பின் எல்லாம் செவ்வனே நடைபெறும் என்பது அவர்தம் துணிபு. இந்திய அனுபவம் இத்துணிபினை ஐயுற வைக்கின்றது. அங்கு மாநிலங்களின் ஆட்சியுரிமை மிகுதியும் ஊறுபட்டது 356ஆம் உறுப்புரையினாலேயாம் என்பது எமது கருத்து.

அவ்வுறுப்புரையைத் தனித்து நோக்குதல் பொருந்தாது. அதற்கு முன்னுள்ள 355ஆம் உறுப்புரை மத்திய அரசுக்குக் கடமையொன்றை விதிக்கின்றது. புற ஆக்கிரமிப்பினின்றும் உள்நாட்டுக் குழப்பத்தினின்றும் மாநிலங்களைக் காத்தலும், மாநில ஆட்சி அரசியலமைப்புக்கு இயைய நடைபெறுவதை உறுதிசெய்தலும் அக்கடமையாகும். அதனை நிறைவேற்றுதற்குரிய கருவியே 356. 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் இவற்றை விளக்கிய அம்பேத்கர், இவ்வேற்பாடு பயன்படாத வெற்றெழுத்தாகவே இருந்துவிடும் என்று நம்பினார்.

நடந்தது வேறு. 1957இல் தேர்தல் வழி அமைந்த கேரளத்தின் நம்பூதிரிபாடு அமைச்சரவை, சட்டசபையில் பெரும்பான்மை இருக்கவும் 1959 ஜூலையில் நீக்கப்பட்டது. 1977இல் ஜனதா அரசு ஒன்பது மாநிலங்களின் காங்கிரஸ் ஆட்சிகளைக் கலைத்தது. 1980இல் இந்திரா காந்தி அரசும் ஒன்பது மாநிலங்களில் அவ்வாறே செய்தது. மக்களவைத் தேர்தலில் தோற்ற கட்சி மாநிலத்திலும் மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டது என்பதே இரு தரப்பும் கூறிய நியாயம். அரசியலமைப்பில் அதற்கு இடமேயில்லை.

1991 ஜனவரியில் தமிழ்நாட்டின் தி.மு.க. ஆட்சி ஆளுநரின் அறிக்கை இன்றியே கலைக்கப்பட்டது. 'ஆளுநரின் அறிக்கையின் பேரில் அல்லது வேறு வகையில்' எனும் சொற்றொடரின் பின்பாதி அதற்கு இடங்கொடுத்தது. (இப்பின்பாதி 1987இல் நம் நாட்டில் நிறைவேறிய 13ஆவது திருத்தத்திலும் இடம்பெற்றிருத்தல் நம் வாசகர் கவனத்துக்குரியது.)

1994 மார்ச்சில் ஒன்பது நீதியரசர் கொண்ட ஆயம் பொம்மை வழக்கில் அளித்த தீர்ப்பே முதலாவது மெய்யான தடை. பெரும்பான்மை சட்டசபையிலேயே சோதிக்கப்படல் வேண்டும். பிரகடனத்துக்கு ஆதாரமான விடயங்களை நீதிமன்றம் ஆராயலாம் என்பன நிலைநாட்டப்பட்டன. ஆயினும் கர்நாடக முதலமைச்சர் பொம்மை நீக்கப்பட்டது 1989இல். அந்நீக்கம் பிழையெனத் தீர்க்கப்பட்டபோது மீட்டளிக்க அமைச்சரவையுமில்லை, சட்டசபையுமில்லை. 2016இல் அருணாசலப் பிரதேசத்தில் ஆறு மாதத்துக்குள் பழைய ஆட்சி மீட்டளிக்கப்பட்டமை இதனினும் மேலானது.

அதிகாரம் வரம்பு மீறியமை பற்றிப் பலர் எழுதியுள்ளனர். கடமை தவறியமை பற்றிய ஆய்வு குறைவு. 1992 டிசம்பர் 6ஆந் திகதி அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பின்னரே உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. மணிப்பூரில் 2023 மே 3ஆந் திகதி மூண்ட இனமோதலில் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர், பல்லாயிரவர் வீடிழந்தனர். மத்திய படைகள் அனுப்பப்பட்டது மெய்யே. எனினும் முதலமைச்சர் பதவி விலகிய பின்னர், 2025 பெப்ரவரி 13ஆந் திகதியே குடியரசுத் தலைவர் ஆட்சி அமைந்தது. இடைப்பட்டன இருபத்தொரு மாதங்கள். மத்தியிலும் மாநிலத்திலும் ஒரே கட்சி ஆண்டமையைத் தற்செயலெனக் கொள்ள எம்மால் இயலவில்லை. 1959இல் தேவையின்றி எழுந்த கை, தேவைப்பட்ட இவ்விடத்தில் எழவில்லை.

பொம்மை தீர்ப்பு செய்த செயலைச் சோதிக்க வல்லது. செய்யாது விட்டதைச் சோதிக்க அதன்கண் வழியில்லை. மாநிலம் முழுவதிலும் ஆட்சியைக் கைக்கொள்ளாது, குழப்பம் நேர்ந்த மாவட்டத்தளவில் மட்டும் தலையிடும் ஏற்பாடொன்றைப் புஞ்சி ஆணைக்குழு 2010இல் விதந்துரைத்தது. அது இன்னும் விதப்புரையாகவே உள்ளது.