வெட்டப்படாத படம்

இரங்கல் குறிப்பை யாரும் இலக்கியமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எழுத்துப் பக்கமே வராதவர்கள்கூட வாழ்நாளில் ஒருமுறையாவது எழுதிவிடுகிற வடிவம் அது. திடீரென்று ஒரு நண்பன் போய்விடுகிறான். முகநூலில் ஒரு படம், கீழே நாலு வரி. 'எப்போதும் சிரித்த முகம்', 'தங்கமான மனசு', 'உதவி என்றால் முதல் ஆளாக நிற்பான்.' பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். எழுதியவரின் துக்கம் உண்மைதான். ஆனாலும் அது நம்மிடம் வந்து சேர்வதில்லை. ஏன்?

இந்தக் கேள்வியோடுதான் புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்களை வாசிக்கத் தொடங்கினேன். பள்ளியில் மனப்பாடப் பகுதியாக அறிமுகமாகி, பிறகு நாம் திரும்பிப் பார்க்காத பாடல்கள். அவற்றில் மூன்றைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன்.

முதலாவது 235ஆம் பாடல். அதியமான் போரில் இறந்தபின் ஔவையார் பாடியது. அதியமான் கொடையாளி, வீரன் என்று ஔவை அடைமொழிகளை அடுக்கவில்லை. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான் என்கிறார். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான். எலும்போடு கறி கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்கு; அம்பும் வேலும் பாயும் இடத்தில் அவன் நிற்பான். பிறகு, நரந்தம்பூ மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவான் என்கிறார். சங்கக் கவிதையில் இதைவிட நெருக்கமான ஒரு தொடுகை எனக்குத் தெரியவில்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு வாசனை. அவன் கை மணக்கிறது, தன் தலை நாறுகிறது. அதைச் சொல்ல ஔவை கூச்சப்படவில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு படம் ஞாபகத்துக்கு வந்தது. பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழனாக இருந்தவன் போன வருஷம் மோட்டார் விபத்தில் தவறிவிட்டான். அன்றிரவே புலனத்தில் எல்லோரும் பகிர்ந்தது அவனுடைய பட்டமளிப்பு விழாப் படம். அது முழுப் படம் அல்ல. யாரோ அவன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு அங்கி தெரியும். அது என் தோள். அவன் கை அதன்மேல் இருந்தது. நம் இரங்கல் எழுத்தும் இப்படித்தான் வெட்டுகிறது. இறந்தவனைத் தனியாக எடுத்துச் சுத்தமாக நிறுத்துகிறது. ஔவை தன்னை வெட்டிக்கொள்ளவில்லை. படத்தில் அவர் தலையும் இருக்கிறது, அதன் நாற்றமும் இருக்கிறது.

'அது புரவலனை இழந்த பாணரின் வயிற்றுக் கவலை, நட்பு இல்லை' என்று ஒருவர் வாதிடலாம். அப்படியே இருக்கட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு மாமாக் கடையில் என் தே தாரிக்குக்கும் சேர்த்துக் காசு கொடுத்தவனை நான் தேடுவதிலும் கொஞ்சம் சுயநலம் இருக்கத்தான் செய்கிறது. அதை நீக்கிவிட்டால் மிஞ்சுவது நற்சான்றிதழ்தான்.

அதே பாடலில் அதியமான் மார்பைத் துளைத்த வேல் அங்கே நிற்பதில்லை. பாணர் கையிலிருக்கும் பாத்திரத்தைத் துளைக்கிறது. இரப்பவர் உள்ளங்கையைத் துளைக்கிறது. சுற்றத்தார் கண்ணொளியை மங்கவைக்கிறது. புலவர் நாவில் போய் விழுகிறது. கட்டுமானத் துறையில் இருப்பவனுக்கு இது உடனே பிடிபடும். ஒரு தூணை எடுத்துவிட்டால் அது சுமந்த பாரம் மறைந்துவிடாது. பக்கத்துத் தூண்களில் போய் இறங்கும். ஔவை அந்தப் பாரம் இறங்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். கடைசியில், கொடுக்காமலே சாகிறவர்களைப் பற்றிய பொதுப்பேச்சுக்குப் பாடல் நகரும்போது கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

இரண்டாவது 236. பாரி இறந்தபின் கபிலர் பாடியது. குரங்கு கிழித்த பலாப்பழத்தில் தொடங்கி, சட்டென்று சண்டைக்குப் போகிறது. நம் நட்புக்கு நீ பொருத்தமானவனாக நடந்துகொள்ளவில்லை. கூட வர விடாமல் என்னை இருக்கச் சொல்லிவிட்டுப் போனாய். என்னை ஆதரித்த காலமெல்லாம் என்மேல் உனக்கு வெறுப்புதான் இருந்திருக்க வேண்டும். செத்தவனிடம் இப்படிக் கேட்க முடியுமா? நெருங்கிய நண்பனால் முடியும். 'ஏன்டா சொல்லாம போன?' என்று நாம் மனசுக்குள் கத்துவதும் இதைத்தான். எழுதும்போது மட்டும் மரியாதை வந்து வாயை அடைத்துவிடுகிறது.

மூன்றாவது 114. பாரியின் பறம்பு மலையை விட்டு அவன் மகளிரோடு வெளியேறும் கபிலர் திரும்பிப் பார்க்கிறார். இங்கே நின்றாலும் மலை தெரிகிறது. இன்னும் கொஞ்சம் தூரம் போய் நின்றாலும் தெரியும் என்கிறார். அவ்வளவுதான். எவ்வளவு தூரம் வரை தெரியும் என்று அவர் சொல்லவில்லை. அழுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் நடக்க நடக்க மலை சிறுத்துக்கொண்டே போவதை நாம் பார்த்துவிடுகிறோம். பிழிந்து போட்ட கள்ளின் சக்கை, யானை மென்று துப்பிய கவளம்போல, அந்த முற்றத்தில் கிடந்ததும் அவருக்கு ஞாபகம் வருகிறது. பெரிய மலையைச் சொல்லும்போதும் தரையில் கிடந்த சக்கையை விடவில்லை.

இந்த மூன்றிலும் இருப்பவை பொருள்கள், வாசனைகள், ஒரு மனஸ்தாபம், ஒரு தூரம். இரங்கல் எழுத உட்காரும் நண்பர்களுக்கு என் பரிந்துரை இதுதான். குணங்களைப் பட்டியலிடுவதற்கு முன் கைப்பேசியில் இருக்கும் முழுப் படத்தை ஒருமுறை பாருங்கள். மேசையில் என்ன இருக்கிறது, யார் கை யார் தோளில் இருக்கிறது என்று எழுதுங்கள். தீராத சண்டை ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள்.