கூட்டுப் படைப்பில் யார் பேசுகிறார்கள்?

விருத்தாசலத்தின் பீங்கான் பொம்மைத் தொழில் பற்றிக் கல்லூரி மாணவர்கள் கூட்டாக உருவாக்கிய நாடகமொன்றின் ஒத்திகைகளில் உடனிருந்தேன். எழுத்தாளர் இல்லை, இயக்குநர் இல்லை, 'எல்லாரும் சேர்ந்து முடிவெடுப்போம்' என்பது ஏற்பாடு. எட்டு நாளில் கிடைத்தது என்ன? பறை, 'ஃப்ரீஸ்', மனிதக் கோபுரம், கடைசியில் 'விழித்தெழு' என்றொரு கோஷம். நெய்வேலிக்கும் பொருந்தும், திருப்பூருக்கும் பொருந்தும். 1980இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை தமிழ் அரங்குக்கு உடலைத் திருப்பித் தந்தது. அந்த உடலே இன்று கல்லூரி விழாக்களில் அச்சாகிவிட்டது.

முதல் கோளாறு, கருத்திலிருந்து தொடங்கியது. 'சுரண்டல்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அதற்குக் காட்சி தேடினார்கள். 1978இல் சஃப்தர் ஹாஷ்மியும் ஜன நாட்டிய மஞ்ச் தோழர்களும் 'மெஷீன்' நாடகத்தை உருவாக்கியது வேறு விதம். தில்லிக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்கள் கேட்டது சைக்கிள் நிறுத்த இடமும் ஒரு டீக்கடையும்தான். பதிலாக வந்தது துப்பாக்கிச் சூடு. அந்தச் சின்னக் கோரிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் முதலாளியத்தை வீதிக்கு இழுத்து வந்தார்கள்.

இரண்டாவது, அதிகாரம். இயக்குநரை நீக்கிவிட்டால் அது நன்றாகப் பேசத் தெரிந்தவனிடம் போய் உட்கார்ந்துகொள்கிறது. பெயரில்லாததால் கேள்வி கேட்கவும் முடிவதில்லை. வட்டமாகத்தான் உட்கார்ந்தோம், பேசியது மூன்று பேர். நானும் அவர்கள் சொன்னதைத்தான் குறித்துக்கொண்டிருந்தேன்.

பொம்மைப் பட்டறையில் அம்மாவுக்கு ஒத்தாசை செய்யும் மாணவி ஒருத்தி பின்வரிசையில் கோஷத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது நாள், டீ குடிக்கும்போது, "நாங்க செய்யற வேலை எதுவும் இதுல இல்லையேண்ணே" என்றாள்.

"செஞ்சு காட்டும்மா."

களிமண் கூழை பிளாஸ்டர் அச்சில் ஊற்றினாள். அச்சு ஈரத்தை உறிஞ்சும்வரை காத்திருந்தாள். மீதியைக் கொட்டிக் கவிழ்த்து, மறுபடி காத்திருந்தாள். எல்லாம் வெறுங்கையில். "சீக்கிரம் தொறந்தா கழுத்து அறுந்துடும். ரொம்ப நேரம் விட்டா வெடிச்சிடும். ஒடஞ்ச பொம்மைக்குக் கூலி இல்ல."

இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். சேர்த்தார்கள், எதையும் வெட்டவில்லை. இது மூன்றாவது கோளாறு. யார் மனமும் நோகாமல் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதை ஜனநாயகம் என்கிறோம். வெட்டும் பொறுப்பை ஒருவரிடம் வெளிப்படையாகக் கொடுத்து, முறைவைத்து மாற்றியிருக்கலாம்.

நிகழ்வன்று கைதட்டல் கோபுரத்துக்குத்தான். ஆனால் அந்தக் காத்திருப்பு வந்தபோது, தரையில் உட்கார்ந்திருந்த பட்டறைப் பெண்களில் ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்: "இன்னும் இறுகல, தொறக்காத புள்ள!"